பதினாலாம் நம்பர் கட்டில்

"மூணு நாளாச்சு அண்ணாச்சி. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். மேல இருந்து ஒரு சத்தத்தையும் காணோம்."

இப்படிக் குறைப்பட்டவர் உபதேசியார் வேதக்கண். குருவானவர் எங்க ஊருக்கு மாசத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம் எல்லாம் இவர் பாடு.

குறையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மாசிலாமணி. கோயில் மணி அடிக்கிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனாலும் மனசுக்கு ஒன்று என்றால் உபதேசியார் அவரிடம்தான் போய் நிற்பார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

உபதேசியார் மகள் பியூலா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தலைப்பிரசவம். பிரஷர் ஏறிக் கிடந்தது. கண்ணை மூடவே மாட்டேன் என்கிறாள்.

"பிள்ளை தூங்கினாத்தான் பிரஷர் இறங்கும். இறங்கினாத்தான் பயமில்லாமப் பிரசவம் பாக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

உபதேசியார் உடனே ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினார். மகள் தூங்குகிற வரைக்கும் சாப்பாடு கிடையாது. கோயில் படி இறங்குவதும் கிடையாது.

உட்கார்ந்தது திங்கட்கிழமை. இன்றைக்கு வியாழன்.

மாசிலாமணி விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்தார்.

"காலைத் தூக்குங்க. கூட்டணும்."

தூக்கினார்.

"என்னன்னு கேட்டீங்க?"

"விவரமாத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி பேரு சொன்னேன். ரெண்டாவது மாடின்னு சொன்னேன். பதினாலாம் நம்பர் கட்டில்னும் சொன்னேன்."

"கட்டில் நம்பர் எதுக்கு?"

"பதினஞ்சாம் நம்பர்லயும் ஒரு பியூலா கிடக்கால்லா."

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கா?"

"அவளுக்கு என்ன, குறட்டை விட்டுத் தூங்குதாளாம்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விளக்குமாற்றைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டி அடக்கிக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பீங்க?"

"மணிக்கு ஒரு தடவை. மறந்திரக் கூடாதுல்லா."

"யாரு?"

உபதேசியார் பேச்சை மாற்றினார்.

"விசுவாசத்தோடதான் அண்ணாச்சி கேக்கேன். இதுக்கு மேல விசுவாசம்னா எப்படி இருக்கும்? நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அடியில தூசி கிடக்கு."

அப்போது உபதேசியார் போன் அடித்தது. சம்சாரம் லில்லியின் நம்பர். ஆனால் பேசினது பியூலா.

"அப்பா."

"என்னம்மா?"

"பயமா இருக்குப்பா. நீங்க வாங்க."

உபதேசியார் பீடத்தைப் பார்த்தார். மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி கூட்டிக்கொண்டே இருந்தார்.

"வாரேன்மா. பத்தரை பஸ்ல ஏறிருதேன்."

"சரிப்பா."

வைத்துவிட்டாள்.

"பொருத்தனை பண்ணிட்டேனே அண்ணாச்சி!"

"மகள்ட்ட வாரேன்னது யாரு, நானா?"

உபதேசியார் எழுந்தார். மாசிலாமணி தனக்கு வைத்திருந்த கஞ்சியைத் தூக்குவாளியோடு நீட்டினார்.

"இதைக் குடிச்சிட்டுப் போங்க. பஸ்ல மயங்கி விழுந்தா, பொறவு உங்களுக்காக நான் உபவாசம் இருக்கணும். என்னால ஆகாது."

குடித்தார். ரெண்டு பேருமாக ரோட்டுக்கு வந்து நின்றார்கள்.

பத்தரை ஆச்சு. பஸ் இல்லை. பத்தே முக்கால் ஆச்சு. பஸ் இல்லை.

உபதேசியார் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"சவத்து பஸ்! பிள்ளை வாசலையே பாத்துக்கிட்டு முழிச்சுக் கிடப்பா அண்ணாச்சி. பிரஷர் இன்னும்லா ஏறும்!"

பொறுக்கமாட்டாமல் போன் போட்டார். லில்லி எடுத்தார். குசுகுசு என்று பேசினார்.

"மெதுவாப் பேசுங்க. பிள்ளை தூங்கிட்டா."

"தூங்குதாளா? எப்பத்துல இருந்து?"

"நீங்க வாரேன்னு சொன்னீங்கல்லா, அப்பத்துல இருந்து. 'அப்பா வாராங்களாம்மா'ன்னு போனை என் கையில தந்தா. சுவரைப் பாக்கத் திரும்பிப் படுத்தா. அவ்வளவுதான். இப்பதான் நர்ஸு வந்து பாத்தா. பிரஷர் இறங்கியிருக்காம்."

உபதேசியார் போனைக் காதிலிருந்து எடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணெல்லாம் தண்ணீர். லில்லி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மாசிலாமணியிடம் சொன்னார்.

மாசிலாமணி ரோட்டை எட்டிப் பார்த்தார். ரெண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

"பஸ்ஸே இன்னும் வரலையே, உபதேசியாரே. அதுக்குள்ள பிள்ளை தூங்கிட்டாளே" என்றார்.