ஜெனோவாவின் பதினொன்று

தூத்துக்குடியில் சகாயராணி மாஸ்டரிடம் ஜூடோ படித்தவர்களில் வயதில் மூத்தவர் பொன்னுதுரை. அவருக்கு நாற்பத்து மூன்று, மாஸ்டருக்கு முப்பத்து நான்கு. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர் என்பதால் மாஸ்டர் உட்பட எல்லாரும் அவரை சார் என்றே கூப்பிட்டார்கள்.

அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு ஆனிமே தொடர், ஜப்பானியக் கார்ட்டூன். ‘ஒன்பதாம் வாசல்’ என்று பெயர். சண்டைக் கலை பயிலும் பள்ளிகள், அவற்றுக்குள் போட்டிகள், வருஷக்கணக்கில் ஓடும் பகை. அதைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, நாற்பது வயதில் ஜூடோ உடையை மாட்டிக்கொண்டார். யூடியூபில் ஒரு சேனலும் வைத்திருந்தார். தொடரில் வரும் வீரர்களுக்குப் பலம் எவ்வளவு, யாரோடு யார் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போட்டுச் சொல்லுவார். பிடி, வேகம், அனுபவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பு. கரும்பலகையில் எழுதுகிற அதே சுத்தத்தோடு எழுதிக் காட்டுவார்.

அந்தத் தொடரில் ஷிஜி என்று ஒரு நோஞ்சான் வீரன். அவன் பெரிய பெரிய ஆட்களை வீழ்த்தும்போதெல்லாம் பொன்னுதுரைக்குக் கோபம் வரும். நாற்பது பலம் உள்ளவன் தொள்ளாயிரத்தை எப்படி ஜெயிப்பான், கதை எழுதியவர் ஏமாற்றுகிறார் என்பார்.

பயிற்சிக் கூடத்தில் அந்தத் தொடரைத் தவறாமல் பார்த்த இன்னொரு ஆள் ஜெனோவா. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். இருபத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு. பயிற்சிக்கு வரும்போதும் விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருக்கும். ஒருநாள் ஷிஜியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவள் சொன்னாள்.

“அவனுக்கு அந்த நம்பர் தெரியாதுல்ல சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுதுரையும் சிரித்தார்.

ஐப்பசி மழையில் கூடத்தின் தகரக் கூரை ஒழுகி, பத்து நாள் பயிற்சி இல்லாமல் போயிற்று. வீட்டில் சும்மா இருந்த பொன்னுதுரைக்கு ஒரு யோசனை தோன்றியது. கூடத்தில் இருந்த இருபத்து மூன்று பேருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று பலம் கணக்கிட்டு, பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தனக்குப் பத்தொன்பது போட்டுக்கொண்டார். கடைசியில் ஜெனோவா. பதினொன்று.

குழு அல்லோலகல்லோலப்பட்டது. இரண்டு மார்க் கூடப் போடுங்கள் சார் என்று கெஞ்சியவர்கள் உண்டு. ஜெனோவா சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள்.

மழை விட்டுப் பயிற்சி தொடங்கியது. அறுபதுகாரர்கள் அறுபதுகாரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நாற்பதுகாரர்கள் நாற்பதோடு. ஜெனோவாவோடு மோத யாருக்கும் ஆர்வம் இல்லை. அவள் பாதி நேரம் ஓரமாக நின்றாள். பயிற்சி முடிந்ததும் விரிப்புகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். முன்பும் அவள்தான் அடுக்குவாள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தை மாதம் திருச்சியில் மாநிலப் போட்டி. பதக்கம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம் என்று ஜெனோவாவுக்கு ஒரு நினைப்பு. கம்பெனியில் மூன்று நாள் லீவு கேட்டு, தர மாட்டோம் என்று சொல்லியும் கேளாமல் வந்திருந்தாள். முதல் சுற்றில் எதிராளி வரவில்லை. அடுத்ததில் எதிராளிக்குக் கணுக்கால் பிசகியது. அப்படியே அரையிறுதிக்கு வந்துவிட்டாள். அதில் ஜெயித்தால் வெள்ளியாவது நிச்சயம்.

அரையிறுதியில் அவளுக்கு எதிரே நின்றவள் சேலத்துக்காரி. எடை ஒன்றுதான் என்றாலும் மூன்று வருஷமாக மாநிலத்தில் முதலிடம். பொன்னுதுரை அவளுக்கும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். எண்பத்தெட்டு.

ஜெனோவா இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே அவரிடம் வந்தாள்.

“சார், உங்க கணக்குப்படி எனக்கு இதுல வாய்ப்பு இருக்கா?”

அவருக்கு அவள்மேல் பிரியம் உண்டு. இறால் உரிக்கிற கை, ஒடிந்தால் என்ன ஆகும் என்றுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

“கணக்குப்படி இல்லம்மா. பிடி இறுகுச்சுன்னா ஒடனே தரையத் தட்டி விட்டுக்குடுத்துரு. கையக் கிய்ய ஒடிச்சுக்காத.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததை அவர் தன் போனில் படம் பிடித்தார். ஆட்டம் தொடங்கி ஒன்றரை நிமிஷத்தில், எப்படி என்று யாருக்கும் பிடிபடும் முன்னால், சேலத்துக்காரி மல்லாந்து கிடந்தாள். ஜெனோவா அவள்மேல் குறுக்கே கிடந்து அழுத்திக்கொண்டிருந்தாள். இருபது நொடி அப்படியே பிடித்தால் வெற்றி. கூட்டம் எழுந்து நின்று எண்ணியது. ஒன்பது என்றபோது ஜெனோவாவின் பிடி தளர்ந்தது. சேலத்துக்காரி இடுப்பைத் திருப்பி வெளியே வந்தாள். அப்புறம் அவள் பிடித்த பிடியில் இருபதும் ஆயிற்று.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மிச்சம் இருந்தது. ஜெனோவாவின் பெயரை மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவள் உடை மாற்றிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள்.

கூடத்துக்கு அவள் அதன்பிறகு வரவில்லை. பழைய கம்பெனியில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும், கொச்சிப் பக்கம் ஒரு மீன் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றும் பேசிக்கொண்டார்கள். பொன்னுதுரை பல நாள் தயங்கி ஒருநாள் போன் செய்தார். அவள் மரியாதையாகப் பேசினாள். அவருடைய முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். தொடரில் புதுப் பகுதி வந்திருக்கிறதே, பார்த்தாயா என்று கேட்டார். இப்போதெல்லாம் பார்ப்பதில்லை என்றாள்.

அன்றைக்குச் சேனலை மூடினார். அதனால் மனது ஒன்றும் லேசாகவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். மாஸ்டர் கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு, விரிப்புகளை ஒவ்வொன்றாக வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். பொன்னுதுரையும் ஒரு பக்கம் பிடித்தார். நாலு விரிப்பு போட்டு முடித்த பிறகு கேட்டார்.

“மாஸ்டர், ஜெனோவா தோத்தது நான் போட்ட நம்பராலயா?”

 மாஸ்டர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

“அன்னைக்கு எடுத்த வீடியோ இருக்கா சார்?”

இருந்தது. அதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டதாகப் பொன்னுதுரை சொன்னார். சேலத்துக்காரி வலது இடுப்பைத் திருப்புவதை, காலை ஊன்றுவதை, தோளை நழுவ விடுவதை வரிசையாக விளக்கினார். எட்டரை நொடியில் அவள் அசைவு தொடங்குகிறது என்றார்.

மாஸ்டர் படத்தை ஓடவிட்டார். கூட்டம் எண்ணுகிற இடம் வந்ததும் நிறுத்தி, கட்டை விரலைத் திரைமேல் வைத்தார். சேலத்துக்காரியின் முகமும் உடம்பும் விரலுக்கு அடியில் போயின. ஜெனோவாவின் தலையும் கைகளும் மட்டும் தெரிந்தன.

“இப்பப் பாருங்க,” என்று மறுபடி ஓடவிட்டார்.

ஆறு. ஏழு. எட்டு.

ஜெனோவா முகத்தைத் தூக்கினாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நேராக இந்தப் பக்கம் பார்த்தாள். போனைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு மாதிரி என்னவோ வந்தது. படம் ஒரு தடவை ஆடியது. அதற்குள் அவள் முகம் மாறி, பிடி தளர்ந்தது.

ஒன்பது.

மாஸ்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பொன்னுதுரை அதைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு எடுத்தார், மறுபடியும் போட்டார். அந்த நேரத்தில் தான் என்ன முகத்தோடு இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். சந்தோஷமாக இருந்த ஞாபகம் இல்லை. இது எப்படி நடக்கும் என்று கணக்கைத் தேடிக்கொண்டிருந்த ஞாபகம்தான் இருந்தது.

“நீங்க இத அன்னைக்கே பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நீங்கதான பக்கத்துல இருந்தீங்க.”

“ரெண்டடி தள்ளி இருந்தேன். அவ என்னப் பாக்கல.”

ரோட்டில் ஒரு மீன் லாரி போயிற்று.   பொன்னுதுரைக்கு ஒரு ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

“பட்டியலப் போட்ட அன்னைக்கே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அழிச்சிருப்பேனே மாஸ்டர். நீங்க சொன்னா யாரு மீறப் போறா? ஏன் சொல்லல?”

மாஸ்டர் குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தார். தூக்கவில்லை. ஓரத்தைப் பிடித்தபடியே நின்றார்.

“அந்தப் பட்டியல எங்க வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன் சார்,” என்றார். “எனக்குத் தொண்ணூத்தாறு போட்டிருந்தீங்க.”