எடுத்துப் போட்ட சத்தம்

"இந்தக் குரலை எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் உயிர் வரமாட்டேங்குதும்மா," என்றார் சௌந்தரபாண்டியன்.

இமெல்டா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கீழே டயர் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியிருந்தது. சாத்திய பிறகும் அதே சத்தம்தான்.

அம்பத்தூரில் அந்த மாடி அறையில்தான் அவள் ஹவுஸ் இசை செய்துகொண்டிருந்தாள். நாலு நாலாக விழும் ஒரே அடி. அதன் மேல், பழைய கேசட்டிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு துண்டுக் குரல், திரும்பத் திரும்ப. ரேடியோவில் வராது. கல்யாண மண்டபத்தில் போடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஏதாவது காலிக் கிடங்கில் கொஞ்சம் பேர் கூடி ஆடுவார்கள். அவ்வளவுதான் அதன் உலகம்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சௌந்தரபாண்டியன் ஒருவர்தான் அவளுக்கு அப்பா வயது.

டப்பிங் தியேட்டரில், வசனத்தில் ஒட்டியிருக்கும் இரைச்சலை நீக்குவது இவர் வேலையாக இருந்தது. மின்விசிறி, ஜெனரேட்டர், நடிகர் எச்சில் விழுங்குவது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் காதுக்கு ஓய்வு வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட, எதை எங்கே வெட்டலாம் என்றுதான் அது கேட்கும்.

ஒரு முறை ஸ்பீக்கர் பழுது பார்க்கப் போன கிடங்கில் இமெல்டாவின் இசை ஓடியது. யாரோ ஒரு பெண் 'வந்தாச்சா, வந்தாச்சா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டவளுக்கும் அலுக்கவில்லை, இவருக்கும் அலுக்கவில்லை. வேலை முடிந்தும் நின்றுகொண்டிருந்தார்.

மறுவாரம் ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய படியேறினார்.

"யார் குரல் சார்?"

"என் சம்சாரம். தங்கபுஷ்பம். நான் மஸ்கட்டுல இருந்தப்போ கேசட்டுல பேசி அனுப்புவா. அப்போ போன் பேசுறதெல்லாம் லேசுல நடக்காது. இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"பக்கவாதம். நடக்க வெச்சுட்டோம். பேச்சு மட்டும் திரும்பல. வெறும் சத்தம்தான் வருது."

இமெல்டா கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் குரல் எங்கியாவது ஓடிக்கிட்டே இருக்கணும்மா. அதுக்கு வழி சொல்லிக் குடுங்க."

"ஒரு வரி எடுத்துட்டு வாங்க," என்றாள்.

அவர் எடுத்த வரி: 'இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.'

வாராவாரம் வந்தார். ஒவ்வொரு முறையும் குரல் முன்பைவிடத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னொரு தடவை பண்ணிட்டு வாங்க சார்."

பண்ணினார், அந்த ஒரு வரியோடு நிற்காமல் கேசட் முழுவதையும். காக்காய் போயிற்று. குக்கர் போயிற்று. தெருவில் போன பால்காரர் போனார். கேசட்டின் 'உஸ்' என்ற சத்தமும் போனது. கடைசியில் ஒரு பெண், எந்த ஊரிலும் இல்லாத ஒரு பெண், 'நல்லா இருக்கோம்' என்றாள்.

அதைத்தான் இன்று கொண்டுவந்திருந்தார்.

"எனக்கு வயசாயிடுச்சு. முடியல. இதுக்கு மேல என்ன பண்றதுன்னும் தெரியல."

"எடுத்துப் போட்டதெல்லாம் எங்க?"

"எது?"

"இந்தக் குரல்லேர்ந்து எடுத்தீங்களே, அதெல்லாம்."

"அது குப்பைம்மா."

"குப்பையைக் கேப்போம்."

கேசட்டில் இருந்ததையும் இவர் சுத்தம் செய்ததையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் பொதுவாக இருந்ததைக் கழித்தாள். இவர் நீக்கியது மட்டும் மிஞ்சியது. இவருக்குத் தெரிந்த வித்தைதான். தியேட்டரிலும் செய்வார்கள், இரைச்சலோடு வார்த்தை ஏதும் போய்விட்டதா என்று பார்க்க. போகவில்லை என்று தெரிந்ததும் அணைத்துவிடுவார்கள்.

மிஞ்சியதை, ஒலித்துண்டுகளை வாசிக்கும் தன் பழைய சாம்ப்ளரில் ஏற்றினாள். அழுக்கேறிய பொத்தான்கள் கொண்ட அந்தப் பெட்டிக்குள் போனால் எந்த ஒலியும் கொஞ்சம் மங்கி, மணல் கலந்து வெளியே வரும். கீழே அடியைப் போட்டாள்.

தும். தும். தும். தும்.

மேலே 'உஸ்' என்று அலை. எங்கோ குக்கர். நடு நடுவே ஒரு 'டக்'.

அவருடைய கால் தானாகத் தட்டியது.

"நல்லாதான் இருக்கு," என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அந்த 'டக்' என்ன சார்?"

"ரெக்கார்டர் பட்டன். நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கா. என்ன பேசுறதுன்னு யோசிக்கணும்ல."

இமெல்டா அடியை நிறுத்தினாள்.

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் இல்லையே. மூச்சு."

அந்த மூச்சை மட்டும் வெட்டி, ஹெட்ஃபோனை அவரிடம் நீட்டினாள். வேகத்தைக் குறைத்தாள்.

கேட்டார்.

மூச்சு உள்ளே போனது. பாதியில் தடுக்கியது. தொண்டையில் ஏதோ உடையப்போனது. டக்.

அடுத்ததை வைத்தாள். இது இன்னும் கொஞ்சம் நீளம். டக்.

அடுத்தது. டக்.

அவர் கை தூக்கினார். அவள் நிறுத்தினாள்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அழுகை வர்றப்பல்லாம் நிறுத்தியிருக்கா," என்றார். "முகத்தக் கழுவிட்டு வந்து, நல்லா இருக்கோம்னு பேசியிருக்கா."

இமெல்டா ஒலியளவைக் குறைத்தாள்.

"ஊருக்கு வந்தப்புறம் கேட்டேன்மா. எங்கம்மாகூட ஒத்தையில இருந்தியே, கஷ்டமா இருந்துச்சான்னு. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னா. அவ்ளோதான். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருக்காங்க சார்."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்தார்.

"இதை வெச்சே பாட்டை முடிச்சிரலாமா?" என்று கேட்டாள். "இன்னிக்கே முடிஞ்சிடும்."

"வேணாம்மா. வீட்டுக்குப் போகணும்."

"என்ன அவசரம்?"

"காலையில அவ ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தா," என்றார் சௌந்தரபாண்டியன். "நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சிட்டு வந்துட்டேன்."