பாம்புச் சட்டைக்கு ஏன் விலை இல்லை

உயிர்கள் எல்லாம் பேசிக்கொண்டும், அது போதாதென்று சட்டை போட்டுக்கொண்டும் திரிந்த அந்தக் காலத்தில், செம்மண் தேரிக்காட்டு உடைமுள் மரம் ஒன்றில் பச்சோந்தி அண்ணாச்சி பழைய சட்டைக்கடை வைத்திருந்தார். ஆணி அடிக்கிற செலவுகூடக் கிடையாது. முள்ளுக்கு ஒன்றாக மாட்டிவிட்டால் கடை தயார்.

சரக்குக்கும் செலவில்லை. வளர்ந்துவிட்ட முயல், இளைத்துப்போன நரி என்று யாருக்குச் சட்டை பொருந்தாமல் போனாலும் அண்ணாச்சியிடம் சும்மா கொடுத்துவிட்டுப் போவார்கள். இல்லாதவர்கள் ஒரு கோவைப்பழத்தைக் கொடுத்து எந்தச் சட்டையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். பச்சோந்திக்குப் பழம் எதற்கு என்று கேட்காதீர்கள். பழத்துக்கு ஈ வரும், ஈக்காகத்தான் கடையே. அப்போது அவருக்கு ஒரே நிறம், நல்ல இலைப்பச்சை. பேச்சும் ஒன்றாகத்தான் இருந்தது.

கெடுத்தது மயில். ஒரு நாள் காற்றாட வந்த மயில், கீரியின் பழைய சட்டை ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்து, "இப்ப பழசுக்குத்தான் மவுசு" என்று சொல்லிவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் ஒரு கூடைப் பழத்தை வைத்துவிட்டுப் போனது. அவ்வளவு ஈயை அண்ணாச்சி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மறுநாள் முதல் ஆளைப் பார்த்து விலை. காலையில் ஒன்று, வெயில் ஏறினால் வேறொன்று. கிழிந்த சட்டை நாலு பழம். பக்கத்து முள்ளில் தொங்கும் நல்ல சட்டை இரண்டு பழம். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்.

அந்தக் கோடையில் மைனா ஒருத்தி மொட்டைப் பனையின் பொந்தில் குஞ்சு பொரித்திருந்தாள். மேலே மூடாத பொந்து. திடீரென்று பெய்த மழையில் உள்ளே எல்லாம் ஊறிப்போனது. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கின. விரித்து, போர்த்த ஒரு சட்டை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு மழைக்குத் தாங்காது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

கடையில் சாரைப்பாம்பின் பழைய சட்டை தொங்கியது. மெல்லிசு, நல்ல நீளம், தண்ணீர் ஒட்டாது. விலை இரண்டு பழம் என்றார் அண்ணாச்சி. தேடிப் பறித்துக்கொண்டு வந்தாள், மூன்று என்றார். மூன்றோடு வந்தாள், அதற்குள் ஐந்தாகியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, இப்பந்தான மூணுன்னு சொன்னீய?"

"சொன்னேன், யாரு இல்லன்னா? அது வெயிலடிக்கும்போது உள்ள வெல. இப்பம் மேகம் கறுத்துட்டுல்லா, சட்டைக்கு கிராக்கி."

"எம்புள்ளைகளுக்கு ஒரு பூமயிருகூட இன்னும் மொளைக்கல அண்ணாச்சி. மழ வந்துட்டுன்னா வெறச்சுப் போயிரும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சட்டைக்கடை வைத்திருந்தவர் அவளைச் சட்டை செய்யவில்லை. ஒரு கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கண்ணால் மயில் வருகிறதா என்று வழியைப் பார்த்தார்.

அப்போது கடையை ஒட்டிய வேலிக்கு அடியிலிருந்து சாரைப்பாம்பு தலையைத் தூக்கினார். தன் பழைய சட்டை யாருக்காவது பொருந்தியதா என்று பார்த்துவிட்டுப் போகும் ஆசையில் வந்தவர், நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, அது நான் சும்மா தந்த சட்டைல்லா? இல்லாதவுக போட்டுக்கிடட்டும்னுல்லா தந்தேன்?"

அண்ணாச்சி மஞ்சளானார். "முள்ளுக்கு வாடகை இருக்குல்லா" என்றபோது சிவப்பானார். "உங்களுக்குன்னா ரெண்டு பழம்" என்றபோது பழுப்பானார். பேச்சுக்குப் பேச்சு நிறமும் மாறிக்கொண்டே போனது.

"உங்க சட்டைதான அண்ணே, திருப்பிக் கேளுங்க" என்றாள் மைனா.

"குடுத்தத திருப்பிக் கேக்கது மொற இல்ல தங்கச்சி" என்றார் சாரை. மேகத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு உடைமுள்ளில் உதட்டை உரசித் தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயோ, அதக் கழத்திட்டா நீங்க எதைப் போடுவீய?"

"எனக்குப் புத்து இருக்கு. நீ ஒம்புள்ளையளப் பாரு."

இறுகப் பிடித்த சட்டை, வலித்தது. தலையிலிருந்து வால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி உரிந்தது. உள்பக்கம்தானே உடம்புக்கு இதம். பாம்பு நீட்டினால் பறவை வாங்கப் பயப்படும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வேலிமேல் அதைப் போட்டுவிட்டு, வெற்றுடம்போடு கூச்சப்பட்டுக்கொண்டு புற்றுக்குள் போய்விட்டார்.

"அண்ணே, வெல சொல்லாமப் போறீயளே!" என்று மைனா கத்தினாள். பிறகு வேலிமேல் கிடந்த சட்டையை அலகில் கவ்விக்கொண்டாள்.

அவள் பனைக்குப் பறந்து சட்டையை விரித்து மடித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடிய விடியப் பெய்தது. காலையில் குஞ்சுகள் பசி என்று கத்திய கத்தலில் தேரிக்காடே விழித்தது.

இது தெரிந்தபின் அண்ணாச்சியிடம் சட்டை கொடுப்பார் யாரும் இல்லை. கடை போய்விட்டது, நிறம் மாறுகிற வியாதி மட்டும் போகவில்லை. அவரிடம் தொழில் படித்தவர்கள்தான் இன்றைக்கும் ஊர் ஊராகப் பழைய துணிக்கடை நடத்துகிறார்களோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. நேற்றைய விலையை அவர்களிடம் இன்றைக்குச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அன்று தொட்டுத்தான் பாம்பு தன் சட்டையை வேலியில் கழற்றிப் போட்டுவிட்டு, யார் எடுத்தார்கள் என்று திரும்பிப் பாராமல் போகிறது. மைனாவும் அதைக் கொண்டுபோய்த் தன் குஞ்சுகளுக்கு விரிக்கிறது.