நாலு பேர் கட்டின மாலை

ரொம்ப ரொம்ப முந்தி, ஜனங்களுக்குப் பூவைப் பறிக்கத் தெரியும், கட்டத் தெரியாது, அந்தக் காலத்துல வெள்ளோடைன்னு ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல குருவம்மான்னு ஒருத்தி, அம்மன் கோயிலுக்குப் பூப் பறிக்கிறவ. அப்பல்லாம் சாமிக்கு உதிரிப்பூதான், தெரியுமா? கூடையோட கொண்டுவந்து தலையில கொட்டுவாங்க, அவ்வளவுதான்.

ஒரு வருசம் தேர் ஓடுறப்ப ஒரு காத்து அடிச்சுது பாரு, பூ அத்தனையும் பறந்துபோச்சு. "அம்மன் வெறுங்கழுத்தா நிக்கிறாளே, யார் செஞ்ச தப்பு?"ன்னாரு ராசா. கோயில் மணியக்காரன் சிங்காரம், "இந்தக் குருவம்மாதான் மகாராசா"ன்னு பழியைத் தூக்கி அவ மேல போட்டுட்டான். "நாலாம் நாள் மறுதேர். அன்னிக்கும் பூ நிக்கலைன்னா, கைப்புள்ளையோட ஊரைவிட்டுப் போயிரு"ன்னுட்டாரு ராசா.

அழுதுகிட்டே போனாளா, துணி தைக்கிற பேச்சி பாத்தா. "அழாதடி, இந்தா"ன்னு ஊசிநூல் குடுத்தா. கோத்தா குருவம்மா. மத்தியானத்துக்குள்ள ஊசி பட்ட பூவெல்லாம் கறுத்துப்போச்சு. மறுநாள் வலை பின்னுற முனியாயி, "குத்தாத, காம்பைச் சேத்து முடிச்சுப் போடு"ன்னு முடிச்சுக் காட்டிக் குடுத்தா. கட்டினா. நூல் காம்பை அறுத்துருச்சு. மூணாம் நாள் வாழைத்தோப்புக் கருப்பாயி, "நூலை விடு தாயி, நாரை நனைச்சுக் கட்டு"ன்னு நார் உரிச்சுக் குடுத்தா. கட்டினா. நின்னுச்சு! அப்புறம் மல்லிகைக்கு நடுவுல அரளி, அரளிக்கு நடுவுல மரிக்கொழுந்துன்னு தானே யோசிச்சு வச்சா. முதல் கதம்பம் அதுதான்.

மறுதேர்ல எவ்வளவு காத்து அடிச்சும் ஒரு பூ உதிரல. உடனே சிங்காரம், "எல்லாம் என் யோசனைதான்"னு முன்னால வந்து நின்னுக்கிட்டான். ஊசி, முடிச்சு, நாருன்னு மூணு நாளா ஊர் பேசினது ராசா காதுலயும் விழுந்திருந்துச்சு.

"ஊசி யாரு யோசனை?"ன்னாரு ராசா.

"நான்தான்."

"முடிச்சு?"

"நான்தான்."

"நாரு?"

"அதுவும் நான்தான் மகாராசா."

ராசா குருவம்மாவைப் பாத்து, "அப்ப நீ என்னம்மா செஞ்ச?"ன்னாரு.

அவ கைகூப்பி, "பேச்சி குடுத்தது ஊசி, முனியாயி குடுத்தது முடிச்சு, கருப்பாயி குடுத்தது நார். இவங்க இல்லன்னா நானும் எம்புள்ளையும் இந்நேரம் எந்த ரோட்டுலயோ! ஏதாச்சும் குடுக்கிறதுன்னா அவங்களுக்குக் குடுங்க ராசா"ன்னா.

"ரெண்டு பேரும் இங்கேயே கட்டுங்க"ன்னாரு ராசா. சிங்காரம் போட்ட முடிச்சுல அவன் விரல்தான் மாட்டுச்சு, பூவெல்லாம் மடியில விழுந்துச்சு. சபையே சிரிச்சுது. குருவம்மா புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே ஒரு முழம் கட்டிட்டா!

ராசா தலைகுனிஞ்சு, "விசாரிக்காம ஊரைவிட்டுப் போன்னுட்டேன், மன்னிச்சுக்க தாயி"ன்னு நந்தவனத்தை நாலு பேருக்கும் எழுதி வச்சாரு. சிங்காரத்துக்கு? தெனம் விடியக்காலையில அந்த நாலு பேருக்கும் நார் உரிச்சு, நனைச்சு, கையில குடுக்கணும். அதுதான் அவன் வேலை, ஆயுசுக்கும்.

குடுத்தவங்க பேரைச் சொன்ன குருவம்மா அந்த ஊர்லயே நல்லா வாழ்ந்தாளாம், அவளைப் போல நாமளும் மணக்க மணக்க இருப்போம். கதை முடிஞ்சுது, கண்ணை மூடுங்க.