ஆராயி சொன்ன மூன்று பொய்கள்

கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் குண ஓலையை எழுதினவரே, எல்லாம் உம்மால் வந்த வினை! உம் தெருவில் நாலு பேரைப் பார்த்தீர். உலகமே அவ்வளவுதான் என்று முடிவு கட்டினீர். கொற்றப்பன் மட்டும் இல்லாவிட்டால் ஒரு நல்ல சந்தையே நாசமாகியிருக்கும்.

கொற்றப்பன் யார்? வீரகேசவ ராஜாவின் சபையில் விகடம் பேசுகிறவன். அதற்கு முன் கிழக்குவாசல் சந்தையில் புளி விற்றவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பேரம் என்றால் சோறு வேண்டாம்.

அன்று அவன் சபைக்குள் நுழையும்போது கடல் தாண்டி வந்த பத்மகேதன் ஓலையை விரித்து நின்றான்.

"அரசே, நெல்லை அளப்பதுபோல மனிதக் குணத்தையும் அளக்கலாம். எங்கள் தேசத்து அறிஞர் எழுதிய அளவை இது. மூன்று பொய் சொன்னவர் நம்பத்தகாதவர். உங்கள் சந்தையில் நாற்பது பெண்களை அளந்தேன். ஒருத்திகூடத் தேறவில்லை!"

"அப்படி என்ன பொய்?" என்றார் ராஜா.

"உப்பு விற்கும் ஆராயியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாப்பிட்டாயா?' என்றேன். 'ஆச்சு சாமி' என்றாள். பக்கத்தில் கஞ்சிக் கலயம் கட்டு அவிழ்க்காமல் இருக்கிறது! 'உப்பு இருக்கிறதா?' என்றேன். 'நிறைஞ்சு கெடக்கு, நாளைக்கு வாங்க' என்றாள். கூடையில் ஒரு கல் உப்பு இல்லை! கடைசியில் 'போயிட்டு வர்றேன் சாமி' என்று கிளம்பினாள். இருட்டும்வரை அங்கேயே நின்றேன், அரசே. வரவே இல்லை!"

ராஜாவுக்குப் புதுச் சரக்கு என்றால் போதை. "பொய்யர்களுக்கு என் சந்தையில் இடமில்லை. நாளை மாலைக்குள் காலி செய்யட்டும்!" என்றுவிட்டார்.

அரண்மனை வாசலில் ஆராயி கொற்றப்பனின் துண்டைப் பிடித்து இழுத்தாள். "எலேய் கொற்றப்பா! நாப்பது வீட்டுல அடுப்பு எரியாது, தெரியுமா? பசிக்குதுன்னு வெளியூர் மனுசன்கிட்ட சொல்லுவாகளாடா? பாவம், அவரே வாடிப்போயி நின்னாரு!"

கொற்றப்பன் வந்த வேகத்திலேயே சபைக்குத் திரும்பினான்.

"அரசே, அதே ஓலையால் அரண்மனையையும் அளக்கட்டும். தேறிவிட்டால் அந்தப் பெண்களோடு நானும் ஊரைவிட்டுப் போகிறேன்."

"சரி, ஒரு மாதம் அளக்கட்டும்."

"தாங்கமாட்டீர்கள்."

"ஒரு வாரம்?"

"நாளைக் காலைப்பொழுது போதும், அரசே. நஷ்டம் உங்களுக்கு வேண்டாம்."

மறுநாள் காலை இளவரசனுக்குப் பெண் கேட்க ராஜா புறப்பட வேண்டும். அரண்மனையில் உண்மை தவிர வேறு பேசக்கூடாது என்று உத்தரவு. பத்மகேதன் எழுத்தாணியோடு விடியலிலிருந்து பின்னாலேயே அலைந்தான்.

"ஆரத்திக்கு மஞ்சள் எங்கேடி?" என்று பணிப்பெண்ணைக் கேட்டாள் மகாராணி.

"மஞ்சள் இல்லை தாயே. தீர்ந்துபோச்சு. எண்ணெயும் இல்லை. விளக்கு அணையப்போகுது."

மகாராணி காதைப் பொத்திக்கொண்டாள். "நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது என்ன பேச்சு இது! நிறைஞ்சிருக்குன்னு சொல்லடி!"

"மகாராணிக்கு ஒன்று. எழுதும் ஐயா, எழுதும்!" என்றான் கொற்றப்பன்.

தன் வாயில் பொய் வந்துவிடக்கூடாது என்று ராஜா உஷாரானார். "சரி தேவி, நான் போகிறேன்" என்றார்.

அரண்மனையே அலறிவிட்டது. மகாராணி அவர் அங்கவஸ்திரத்தை எட்டிப் பிடித்தாள். "போகிறேனா? வாயைக் கழுவுங்கள்!"

"போய்... போய்விட்டு வருகிறேன், தேவி."

"எப்போது திரும்புவீர்கள் அரசே?" என்று பவ்யமாகக் கேட்டான் கொற்றப்பன்.

"எட்டு நாள் ஆகும்."

"கேட்டீரா பத்மகேதரே? இருட்டும்வரை இங்கேயே நில்லும். அரசர் வராவிட்டால் அவர் பெயரையும் ஆராயிக்குக் கீழே எழுதும்."

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா, யாருக்கும் பிடிபடவில்லை. பேச்சை மாற்ற மகாராணி விருந்தாளி பக்கம் திரும்பினாள். "நீங்கள் சாப்பிட்டீர்களா, ஐயா?"

பத்மகேதன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ராஜாவைப் பார்த்தான். மகாராணியைப் பார்த்தான். ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஆச்சு, தாயே" என்றான்.

அதே நொடியில் அவன் வயிறு ஒரு முழக்கம் முழங்கியது பாருங்கள், வாசலில் நின்ற பட்டத்து யானை திரும்பிப் பார்த்தது!

"அளக்க வந்தவருக்கும் ஒன்று!" என்று துள்ளினான் கொற்றப்பன்.

"எல்லோரும் பட்டினியாக நிற்கிறீர்கள். நான் மட்டும் எப்படி ஐயா சோறு கேட்பது?" பத்மகேதனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"இதைத்தானே ஆராயியும் சொன்னாள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. சந்தை உத்தரவைக் கிழித்தெறிந்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"இது பாதிதான், அரசே. மீதிக்கு உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும்" என்றான் கொற்றப்பன்.

பத்மகேதன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கொற்றப்பன் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே அதை எழுதினான்:

"ஓலை எழுதின பெரியவரே! கிழக்குவாசல் சந்தைக்கு வாரும். ஆராயி பக்கத்தில் ஒரு வருஷம் உட்காரும். அப்புறம் உம் அளவையைத் திருத்தும். நாற்பது பெண்களின் பெயரைக் கெடுத்தது நீர். சரிசெய்ய வேண்டியதும் நீர்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பதிலில் 'வருகிறேன்' என்று எழுதினால், எங்கள் ஊர் வழக்கப்படி அல்ல, உங்கள் ஊர் வழக்கப்படி வந்து சேரும்!"