ஆட்டுத் திருட்டு வழக்கும் மூன்று நிருபர்களும்

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊரிலும் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு பத்திரிகையில் நாவுக்கரசு, பூபதி, லூர்து என்று மூன்று பயிற்சி நிருபர்கள் சேர்ந்தார்கள். கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று மூவரும் வெளியூர் போயிருந்தார்கள் போலிருக்கிறது.

ஆசிரியர் சிதம்பரநாதன் சொன்னார்: "கோர்ட்டுல இன்னைக்கு ஆட்டுத் திருட்டு வழக்கு. போய்ப் பாருங்க. நீதிமன்றத்துக்கு மரியாதை குடுங்க. நீதிபதியை எதிர்த்துப் பேசாதீங்க. முக்கியமா, கண்ணால பார்க்காத எதையும் எழுதாதீங்க. சாயங்காலத்துக்குள்ள செய்தி வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

நாவுக்கரசுக்கு இந்த வேலை போகவே கூடாது. மாமனார் வீட்டில் சாப்பாடு போடுகிறார்கள்தான்; ஆனால் இப்போதெல்லாம் குழம்பு தண்ணீராக வருகிறது.

கோர்ட்டில் டவாலிச் சேவகர் வாசலில் நின்று, "மாரிச்செல்வம்! மாரிச்செல்வம்! மாரிச்செல்வம்!" என்று கூவினார். யாரும் வரவில்லை.

"பாவம், தொண்டை கிழியக் கூப்பிடுறாரு. ஒருத்தரும் ஏன்னு கேக்கலையே" என்றான் பூபதி.

"மரியாதை குடுக்கச் சொன்னாரே ஆசிரியர். யாராவது போகணும்ல?" என்றான் லூர்து.

நாவுக்கரசு எழுந்து போய்க் கூண்டில் நின்றான். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மாரிச்செல்வத்தின் வக்கீல் தன் கட்சிக்காரரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். இஸ்திரி போட்ட சட்டையைக் கண்டு அவருக்கு ஏகச் சந்தோஷம்.

"ஆட்டைத் திருடினது நீதானா?" என்றார் நீதிபதி.

எதிர்த்துப் பேசக் கூடாதே! "நீங்க சொன்னா சரிங்கய்யா."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்ம நாவுக்கரசு ஆடு திருடினானா?" என்று பூபதி கிசுகிசுத்தான்.

லூர்து பேனாவை மூடி வைத்தான். "நாம கண்ணால பார்க்கலையே. திருடலைன்னும் எழுத முடியாது."

அப்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா, பஸ் லேட்டாயிடுச்சு. நான்தாங்க மாரிச்செல்வம்!"

"வாங்கண்ணே, இங்கயே நில்லுங்க. நல்லா தெரியும்" என்று நாவுக்கரசு நகர்ந்து இடம் கொடுத்தான்.

நீதிபதி மூவரையும் வெளியே அனுப்பினார். வழக்குக்கு வாய்தா வாங்கிக்கொண்டு மாரிச்செல்வம் வெளியே வந்தபோது, நாவுக்கரசு அழாக்குறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க திருடுனதை நாங்க பார்க்கலை. பார்க்காம எழுதினா வேலை போயிடும். இன்னொரு தடவை திருடிக் காட்டுங்கண்ணே."

மாரிச்செல்வம் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய்விட்டார்.

சாயங்காலம் மூவரும் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ஐயா, ஆடு எப்படித் திருடு போகும்னு முழுசாக் கண்ணால பார்த்துட்டோம். இப்பவே எழுதிடுறோம்" என்றான் நாவுக்கரசு.

ஆசிரியர் பதறி எழுந்தார். "அடப்பாவிகளா! யார் வீட்டு ஆடுடா இது?"

"உங்க வீட்டு ஆடுதாங்கய்யா" என்றான் நாவுக்கரசு பெருமையாக. "வெளியாளோட ஆட்டைத் தொட்டா திருட்டாயிடுமே!"