வாசலில் கேட்ட குரல்

குரு ஆவுடையப்பரின் மடத்தில் அவருக்குச் சீடர் ஒருவர்தான். பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. யார் குரலாக இருந்தாலும் அவர் தொண்டைக்குள் கிடக்கும். கண் டாக்டர், பஸ் கண்டக்டர், எதிர்வீட்டு எருமை. அசல் எருமையைவிட இவர் எருமை இன்னும் நன்றாக வரும்.

ஒருநாள் மடத்துப் பந்தியில் அவர் சங்குமுத்துவைப் போல இருமி, மூக்கால் பாடிக் காட்டினார். சங்குமுத்து குருவின் பால்ய நண்பர். குரு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சங்குமுத்து தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இலையில் உட்காராமல் போனவர்தான், அப்புறம் வரவே இல்லை.

குருவுக்கு இடது கண்ணில் பார்வை போய் வெகுகாலம். இப்போது வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. லென்ஸ் வைக்க நாள் குறித்தார்கள்.

“அதுக்கு முந்தி சங்குவை ஒருதரம் வரச் சொல்லு.”

கோமதிநாயகம் போய் அழைத்தார்.

“என்னை மாதிரி பேசத்தான் நீ இருக்கியே. நான் எதுக்கு?” என்றார் சங்குமுத்து.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேலே மையால் அடையாளம் வைத்தார்கள். அப்போதும் குரு கேட்டார்.

“வந்தானா?”

“வருவாரு சாமி.”

சிகிச்சை முடிந்து, கண்ணில் கட்டோடு மடத்துக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் மறுபடியும், “வந்தானா?”

கோமதிநாயகத்துக்குத் தாங்கவில்லை. வெளியே போனார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே வந்து, இருமினார்.

“ஏ ஆவுடை! இருக்கியா, போயிட்டியா?”

குருவின் கை காற்றில் துழாவியது. சீடர் தன் கையைக் கொடுத்தார்.

“சங்கு, அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுடே.”

“விடுடே. அதை நான் எப்பவோ மறந்தாச்சு.”

குரு வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

“அழப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ போயிட்டு வா,” என்றார்.

மறுநாள் காலை வாசலில் செருப்பு தேய்க்கும் சத்தம் கேட்டது. சங்குமுத்துவேதான். தோளில் மூட்டை.

“அந்தமான்ல மக வீட்டுக்குப் போறேன். இனி அங்கனதான். கப்பலைப் பிடிக்கணும், ரயிலுக்கு நேரமாச்சு. மனசு கேக்கல, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கோமதிநாயகம் வாசலை மறித்து நின்றுகொண்டார். சங்குமுத்து உள்ளே போனால் நேற்றைய குட்டு உடைந்துவிடும்.

“சாமி தூங்குதாங்க,” என்றார், தணிந்த குரலில்.

“என் சத்தம் கேட்டா முழிச்சுருவான்.”

சங்குமுத்து வாசலில் நின்றபடியே கூப்பிட்டார்.

“ஏ ஆவுடை! இருக்கியா, போயிட்டியா?”

உள்ளே அசைவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். காத்திருந்தார்.

“பேச மனசில்ல போல,” என்று மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

சாமி நல்ல வேளையாகத் தூங்குகிறார் என்று சீடருக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். குரு முதலில் சீடரைத்தான் பார்த்தார்.

“ஏய், உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா!”

மடத்துக்கு வந்து சொட்டு மருந்தைத் திறக்கும்போது கோமதிநாயகம் சொல்லிவிட்டார்.

“சாமி, நேத்து வந்தது அவரில்ல. நான்தான்.”

“தெரியும். சங்கு கையில மூக்குப்பொடி வாடை அடிக்கும். உன் கையில அடிக்கல.”

“தெரிஞ்சுமா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?”

“அவன் வந்தா எப்படிக் கேக்கதுன்னு ஒருதரம் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.”

சீடர் மருந்துக் குப்பியை மூடிக் கீழே வைத்தார்.

“காலையில... நீங்க தூங்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“இல்லியே, முழிச்சுத்தான் கிடந்தேன். ரெண்டு தரம் கூப்பிட்டியே. அச்சு அசலா அவனேதான். எழுந்திரிக்கப் போனேன். நீதானேன்னு படுத்துட்டேன்.”